லிங்கன் தூங்காத ‘லிங்கன் படுக்கையறை’

வெள்ளை மாளிகையின் அறைகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால், ஓவல் அலுவலகத்துக்கு அடுத்து எல்லாரும் சொல்லும் பெயர் லிங்கன் படுக்கையறை. ஆபிரகாம் லிங்கன் தூங்கிய அறை அது, உயரமான அவருக்கென்றே செய்த நீளக் கட்டில் அங்கே கிடக்கிறது, அவர் உயிர் பிரிந்ததும் அங்கேதான், இன்றும் இரவில் அவர் ஆவி அங்கே நடமாடுகிறது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். முதல் மூன்றும் தவறு. நான்காவதை இந்தக் கட்டுரை தொடப்போவதில்லை.

இதற்கு நேர் எதிரான கட்சியும் உண்டு. “லிங்கன் அங்கே தூங்கவே இல்லையாம், எல்லாம் சுற்றுலாப் பயணிகளுக்குப் போட்ட செட்” என்று ஒரே போடாகப் போடுவார்கள். தூங்கவில்லை என்பது சரி, செட் என்பது பிழை. பொதுமக்கள் சுற்றிப் பார்க்க வரும்போது அந்த மாடிக்கு யாரையும் அனுமதிப்பதே இல்லை. அது அதிபரின் சொந்த விருந்தினர்கள் இன்றும் படுத்து உறங்கும் அறை.

அந்த அறையில் உண்மை எது, ஒட்டவைத்தது எது என்று பிரித்துப் பார்ப்பதற்கான எளிய விளக்கம் இது.

## ஒரு ‘தாத்தா அறை’யை நினைத்துக்கொள்ளுங்கள்

பழைய மாடி வீடு ஒன்று. தாத்தா வக்கீல். மாடியில் தென்பக்க அறையில் உட்கார்ந்து கட்சிக்காரர்களைப் பார்ப்பார். பாட்டி, வருகிற விருந்தாளிகளுக்காக மாடியின் வேறொரு மூலை அறையில் பெரிய சித்திர வேலைக் கட்டில் ஒன்றை வாங்கிப் போட்டாள். தாத்தா காலமான பிறகு வக்கீல் ஆபீஸ் வேறு கட்டடத்துக்குப் போனது. பேரன் தலையெடுத்ததும், காலியாகக் கிடந்த ஆபீஸ் அறைக்குப் பாட்டியின் கட்டிலைக் கொண்டுவந்து போட்டு அதைப் படுக்கையறை ஆக்கினான். சில ஆண்டுகளில் வீடு ஆட்டம் காணவே, வெளிச்சுவரை மட்டும் விட்டுவிட்டு உள்ளே இருந்ததை எல்லாம் இடித்துக் கட்டினார்கள். கடைசியாகக் கொள்ளுப்பேத்தி பழைய படங்களைத் தேடி எடுத்து, தாத்தா காலத்து மாதிரியிலேயே திரைச்சீலை நெய்து மாட்டினாள். ஊரே அதைத் ‘தாத்தா அறை’ என்கிறது.

அந்தப் பெயர் பொய்யில்லை. தாத்தா அங்கே தூங்கியதும் இல்லை.

லிங்கன் படுக்கையறையின் கதை ஏறக்குறைய இதேதான். அதில் மூன்று இழைகள் பின்னிக் கிடக்கின்றன. அறை இருக்கும் இடம் ஒன்று. அதில் உள்ள பழம்பொருள்கள் இரண்டாவது. சுவரையும் தரையையும் சன்னலையும் போர்த்தியிருக்கும் அலங்காரம் மூன்றாவது. மூன்றுக்கும் வயது வேறு, மூன்றும் வந்த வழியும் வேறு. குழப்பமெல்லாம் இந்த மூன்றையும் ஒரே வயதாக நினைப்பதால் வருவதுதான்.

## அறை எங்கே இருக்கிறது?

வெள்ளை மாளிகையில் மூன்று பகுதிகள் என்று பொதுவாகச் சொல்வார்கள்: நடுவில் அதிபர் குடும்பம் வசிக்கும் பழைய மாளிகை, மேற்கே அலுவலகப் பகுதி, கிழக்கே இன்னொரு பகுதி. லிங்கன் படுக்கையறை நடு மாளிகையின் இரண்டாம் தளத்தில், தெற்குப் பார்த்த வரிசையின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. மூலையில் ஒரு சிறிய அமர்வறை, அதை ஒட்டி மேற்கே இந்தப் படுக்கையறை. தெற்குப் புல்வெளியில் நின்று அண்ணாந்தால் தரைத்தளம், அதற்கு மேல் விருந்து மண்டபங்கள் உள்ள தளம், அதற்கும் மேலே இது.

2025 அக்டோபரில் கிழக்குப் பகுதிக் கட்டடத்தை இடித்தபோது, லிங்கன் அறையும் போய்விட்டதா என்று பலர் கேட்டார்கள். போகவில்லை. இடித்தது நடு மாளிகைக்கு வெளியே, கிழக்கே நின்ற கட்டடம். இந்த அறை இருப்பது நடு மாளிகையின் கிழக்கு முனையில்.

## முதல் இழை: இடம்

லிங்கன் 1861 மார்ச்சில் பதவியேற்றபோது மேற்கு அலுவலகப் பகுதி என்ற ஒன்றே கிடையாது. அதிபர் வீட்டிலேயே வேலை பார்த்தார். இரண்டாம் தளத்தின் மேற்குப் பாதியில் குடும்பம், கிழக்குப் பாதியில் அலுவலகம். வேலை கேட்டு வருவோர், மன்னிப்பு மனுவோடு வருவோர், சும்மா பார்த்துவிட்டுப் போக வருவோர் என்று எல்லாரும் படியேறி வந்து கிழக்குக் கூடத்தில் காத்திருப்பார்கள். இன்றைய லிங்கன் படுக்கையறைதான் அன்று அதிபரின் அலுவலகம். அமைச்சரவை கூடியதும் அங்கேயே.

அறையில் இருந்தவை எளிய சாமான்கள். நடுவில் அமைச்சர்கள் ஏழு பேர் சுற்றி உட்கார ஒரு நீண்ட மேஜை. சன்னலோரம் சிறு அறைகள் கொண்ட உயரமான எழுதுமேசை. சுவரில் அப்போது நடந்த உள்நாட்டுப் போரின் போர்முனை வரைபடங்கள். கணப்புக்கு மேலே முன்னாள் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனின் படம். சுவர்த்தாள் கரும்பச்சை. சன்னல் வழியே பார்த்தால் தெற்கே பாதியில் நின்றுபோன வாஷிங்டன் நினைவுத்தூண் தெரியும். அது 1884இல்தான் முடிந்தது.

இவ்வளவு நுணுக்கமாக எப்படித் தெரியும்? 1864 அக்டோபரில் ஸ்டெல்வாகன் என்ற ஓவியர் அந்த அறைக்குள் உட்கார்ந்து, கண்ணால் கண்டதை அப்படியே வரைந்து வைத்தார். அதே ஆண்டு பிரான்சிஸ் கார்பென்டர் என்ற இன்னொரு ஓவியர் சுமார் ஆறு மாதம் வெள்ளை மாளிகைக்குள்ளேயே இருந்து, 9 அடி உயரமும் 15 அடி அகலமும் கொண்ட ஓவியம் ஒன்றைத் தீட்டினார். லிங்கன் தன் அமைச்சர்களுக்கு, அடிமைகளை விடுவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை முதன்முதலாக வாசித்துக் காட்டும் காட்சி அது. ஓவியம் இன்று நாடாளுமன்றக் கட்டடத்தில் இருக்கிறது. இந்த இரண்டு ஓவியர்களும் இல்லையென்றால் பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் ஊகத்தில்தான் காலம் தள்ளியிருப்பார்கள்.

அந்த வாசிப்பு நடந்தது 1862 ஜூலை 22. கிளர்ச்சி செய்த மாநிலங்களில் அடிமைகளாக இருப்போரை விடுவிப்பதாக லிங்கன் சொன்னதும், வெளியுறவு அமைச்சர் செவர்ட் ஒரு யோசனை சொன்னார்: தோற்றுக்கொண்டிருக்கும்போது வெளியிட்டால் கடைசி ஓலமாகத் தோன்றும், ஒரு வெற்றி வரட்டும். செப்டம்பர் 17இல் நடந்த ஆண்டீட்டம் போரை லிங்கன் அந்த வெற்றியாக எடுத்துக்கொண்டார். ஐந்தே நாளில், செப்டம்பர் 22 அன்று, முன்னறிவிப்பு வெளியானது. இறுதிப் பிரகடனத்தில் லிங்கன் கையெழுத்திட்டது 1863 ஜனவரி 1, இதே அறையில். அன்று காலையிலிருந்து புத்தாண்டு வரவேற்பில் மணிக்கணக்காகக் கைகுலுக்கியதில் கை நடுங்கியது என்றும், தயங்கிக் கையெழுத்திட்டதாகப் பின்னால் யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று பேனாவைச் சற்று வைத்துவிட்டு மீண்டும் எடுத்தார் என்றும் உடனிருந்தவர்கள் பதிந்திருக்கிறார்கள்.

இந்த அறைக்குப் பெருமை அந்தக் கையெழுத்தால் வந்தது. ‘படுக்கையறை’ என்ற சொல் அதை மறைத்துவிடுகிறது என்பதே இந்தப் பெயரின் மீது வைக்கக்கூடிய நியாயமான புகார்.

லிங்கன் தூங்கியது மாளிகையின் தென்மேற்குப் பக்கம், மனைவியின் அறையை ஒட்டிய அறையில். சுடப்பட்ட பிறகு 1865 ஏப்ரல் 15 காலையில் அவர் இறந்தது ஃபோர்டு நாடக அரங்குக்கு எதிரே இருந்த பீட்டர்சன் என்பவரின் வீட்டில். அங்கே கிடைத்த கட்டில் அவர் உயரத்துக்குப் போதாமல் குறுக்காகக் கிடத்தினார்கள்.

இதுவரை சொன்னது: இடம் உண்மையாகவே லிங்கனுடையது. அவர் அங்கே வேலை பார்த்தார். தூக்கமும் சாவும் வேறிடங்களில்.

## இரண்டாம் இழை: கட்டில்

அறைக்குள் நுழைந்ததும் கண்ணை இழுப்பது கட்டில்தான். ரோஸ்வுட் எனப்படும் ஈட்டி மர வகையில் செய்தது. நீளம் சுமார் 8 அடி, அகலம் சுமார் 6 அடி. தலைமாட்டுப் பலகை ஆள் உயரத்தைத் தாண்டி எழும்பி, திராட்சைக் கொடியும் இலையும் பறவையுமாகச் செதுக்கு வேலை நிரம்பியது. லிங்கனின் உயரம் 6 அடி 4 அங்குலம். நீளக் கட்டில், நீள மனிதர் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுத்தான் ‘அவருக்கென்று செய்த கட்டில்’ என்ற கதை பிறந்தது.

உண்மையில் அதை வாங்கியவர் லிங்கனின் மனைவி மேரி டாட் லிங்கன். 1861இல், பிலடெல்பியாவின் கேரில் நிறுவனத்திடமிருந்து, மாளிகையின் முதன்மை விருந்தினர் அறைக்காக வாங்கினார். அந்த அறை இரண்டாம் தளத்தின் வடமேற்கு மூலையில் இருந்தது, அதாவது அலுவலகத்துக்கு நேர் எதிர்க் கோடியில். 1860இல் பிரிட்டன் பட்டத்து இளவரசர் வந்து தங்கியதால் அதற்கு ‘வேல்ஸ் இளவரசர் அறை’ என்று பெயர். இன்று அதே இடத்தில் அதிபர் குடும்பத்தின் சாப்பாட்டு அறை இருக்கிறது. கட்டிலோடு, பளிங்கு மேற்பலகை பதித்த ஒரு வட்ட மேஜையும் வந்தது. அதன் கால்களில் செதுக்கிய பறவைகள், நடுவில் ஒரு கூடு.

மாளிகையைப் புதுப்பிக்க நாடாளுமன்றம் ஒதுக்கிய தொகை 20,000 டாலர். மேரி அதற்கு மேல் ஆறாயிரம் டாலருக்கும் அதிகமாகச் செலவழித்துவிட்டார். போர்க்களத்தில் சிப்பாய்களுக்குப் போர்வை இல்லாதபோது இந்தப் பாழாய்ப்போன வீட்டுக்கு அலங்காரமா என்று லிங்கன் எரிந்து விழுந்ததாகப் பொதுக் கட்டடங்களின் ஆணையர் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கட்டிலில் லிங்கன் ஒருநாளாவது படுத்ததற்குச் சான்று இல்லை. 1862 பிப்ரவரி 20 அன்று அவர்களுடைய 11 வயது மகன் வில்லி காய்ச்சலில் இறந்தது அந்தக் கட்டிலில்தான் என்று கருதப்படுகிறது. அதன்பின் மேரி அந்த அறைப் பக்கமே போகவில்லை என்பார்கள்.

இங்கே ஒரு சொல்லை அறிமுகப்படுத்த வேண்டும்: உடைமை வரலாறு. ஒரு பழம்பொருளை யார் செய்தார், யார் வாங்கினார், எந்த அறையில் எத்தனை காலம் இருந்தது, யார் கைக்கு மாறியது என்ற தொடர்ச்சியான பதிவுக்கு இந்தப் பெயர். விலைச்சீட்டு, அரசுக் கணக்கேடு, சாமான் பட்டியல், பழைய புகைப்படம் ஆகியவை அதன் கண்ணிகள். ஒரு கண்ணி அறுந்தாலும் ‘லிங்கன் கட்டில்’ என்பது ‘லிங்கன் காலத்துக் கட்டில்’ என்று இறங்கிவிடும். பழம்பொருள் சந்தையில் இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இந்தக் கட்டிலுக்குக் கண்ணிகள் அறுபடவில்லை. அது வெள்ளை மாளிகையின் உடைமையாகவே இருந்தது, அவ்வப்போது அறை மட்டும் மாறியது. பின்னால் வந்த அதிபர்கள் தியோடர் ரூஸ்வெல்ட்டும் உட்ரோ வில்சனும் அதில் படுத்திருக்கிறார்கள். 1920களில் கால்வின் கூலிட்ஜின் மனைவி கிரேஸ் தன் கையாலேயே ஊசி நூல் பின்னல் விரிப்பு ஒன்றை அதற்காகப் பின்னினார்.

இது எவ்வளவு அபூர்வம் என்பது அன்றைய வழக்கம் தெரிந்தால்தான் புரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய நாற்காலி, திரைச்சீலை, கம்பளம் எல்லாவற்றையும் ஏலம் விட்டு, அந்தப் பணத்தில் புதியது வாங்குவார்கள். 1882இல் அதிபர் செஸ்டர் ஆர்தர் மட்டும் 24 வண்டிச் சாமான்களை விற்றார். கட்டில் அந்த வண்டிகளில் ஏறாமல் தப்பியது. லிங்கன் அலுவலகத்தின் சாமான்களில் பெரும்பாலானவை தப்பவில்லை. அதனால்தான் இன்றைய அறையில் ‘லிங்கன் காலத்தது’ என்ற அடையாளம் அதிகமாகவும், ‘லிங்கன் உபயோகித்தது’ என்ற அடையாளம் குறைவாகவும் இருக்கிறது.

## இடமும் கட்டிலும் சந்தித்தது எப்போது?

லிங்கன் இறந்து 80 ஆண்டுகள் கழித்து.

1901இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆறு பிள்ளைகளோடு குடியேறியதும் மாடியில் இடம் போதவில்லை. 1902இல் கட்டடக் கலைஞர் சார்லஸ் மெக்கிம் அலுவலகங்களை மேற்கே புதுக் கட்டடத்துக்கு மாற்றினார். பழைய அலுவலக அறை குடும்பத்தின் கைக்கு வந்தது. ஹெர்பர்ட் ஹூவர் அதைப் படிப்பறையாக வைத்துக்கொண்டார். அவர் மனைவி லூ ஹூவர் மாளிகையின் பழைய சாமான்களை முறையாக ஆராய்ந்து பட்டியலிட முனைந்தவர். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் நெருங்கிய ஆலோசகர் ஹாரி ஹாப்கின்ஸ் 1940 முதல் 1943 வரை அங்கேயே குடியிருந்தார். 1945இல் அதிபரான ஹாரி ட்ரூமன்தான் கட்டிலையும் லிங்கன் காலத்துச் சாமான்களையும் இந்த அறையில் சேர்த்து வைத்தார். இன்றைய ‘லிங்கன் படுக்கையறை’யின் வயது அந்த ஆண்டிலிருந்துதான் தொடங்குகிறது.

## சுவர்கள் யார் காலத்தவை?

மூன்றே ஆண்டுகளில் மாளிகை ஆட்டம் கண்டது. 1948இல் ட்ரூமன் மகள் மார்கரெட்டின் பியானோக் கால் ஒன்று மாடித் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. காரணம் நாள்பட்ட பாவம். தண்ணீர்க் குழாய், எரிவாயு, மின்கம்பி, வெப்பமூட்டும் குழாய் என ஒவ்வொன்றுக்கும் மர உத்தரங்களை வெட்டியும் துளைத்தும் இருந்தார்கள். 1902 மாற்றத்தில் சில தாங்கு சுவர்கள் போயின. 1927இல் மேலே இரும்பும் கான்கிரீட்டுமாக மூன்றாம் தளம் ஏறியது. கீழே வலு குறைய, மேலே பாரம் கூடியது.

ட்ரூமன் எதிரே உள்ள அரசு விருந்தினர் மாளிகையான பிளேர் ஹவுஸுக்குக் குடிபெயர்ந்தார். வெளிக் கற்சுவரை மட்டும் நிறுத்திவிட்டு, உள்ளே இருந்ததை முழுக்க அகற்றி, எஃகுச் சட்டமும் கான்கிரீட் தளமும் அமைத்தார்கள். செலவு சுமார் 57 லட்சம் டாலர். 1952 மார்ச் 27 அன்று குடும்பம் திரும்பியது. ஆகவே இன்று லிங்கன் படுக்கையறையில் நீங்கள் தொடக்கூடிய உட்சுவரும் காலடியில் உள்ள தரையும் லிங்கன் பார்த்தவை அல்ல. அதே உயரத்தில், அதே சன்னல்களுக்குப் பின்னால், புதிதாகக் கட்டிய அறை அது.

பணம் தீர்ந்துபோன நிலையில் உள்ளலங்காரத்தை நியூயார்க்கின் பி. ஆல்ட்மன் என்ற பல்பொருள் அங்காடியிடம் ஒப்படைத்தார்கள். வேலை சுத்தமாக இருந்தது, உயிர்தான் இல்லை. ஓட்டல் அறை போல இருந்தது என்ற பேச்சு பல ஆண்டுகள் ஓடியது.

சுருக்கமாக: இடம் 1860களுடையது, கட்டில் 1861இல் வந்தது, இரண்டும் சேர்ந்தது 1945இல், உட்சுவர் 1952இல் முடிந்தது. மிச்சம் இருப்பது அலங்காரம்.

## மூன்றாம் இழை: 2005ஆம் ஆண்டு அலங்காரம்

இன்று படங்களில் காணும் தோற்றம் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் மனைவி லாரா புஷ் காலத்தில், 2005இல் முடிந்த வேலை. கட்டிலுக்கு மேலே தங்க முலாம் பூசிய மகுடம், அதிலிருந்து இருபுறமும் வழியும் ஊதா நிறச் சாட்டின் பட்டும் வெள்ளை லேஸும், பச்சை மஞ்சள் ஊதா கலந்த கட்டமிட்ட கம்பளம், வடிவங்கள் அச்சிட்ட சுவர்த்தாள், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாணியில் செதுக்கிய பளிங்குக் கணப்பு, சன்னல்களுக்கு மேல் முலாம் பூசிய முகப்புப் பலகைகள்.

இப்படி அமைப்பதற்குப் பெயர் காலப்பாணி அறை: ஒரு குறிப்பிட்ட காலத்தில் அறை எப்படித் தோன்றியிருக்கும் என்பதைச் சான்றுகளின் துணையோடு மறுபடி உண்டாக்குவது. அசல் பொருளும், சான்றைப் பார்த்துப் புதிதாகச் செய்த பிரதியும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இந்த அறையில் கட்டில் அசல். மகுடமும் பட்டும் பிரதி.

மகுடத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். விதானக் கட்டில் என்றால் நான்கு மூலையிலும் தூண் நின்று துணியைத் தாங்கும் என்று நினைப்போம். இது அப்படியல்ல. மகுடம் சுவரில் அறைந்திருக்கிறது, கட்டிலில் அல்ல. தலைமாட்டுப் பலகைக்கு மேலே, சுவரிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். துணி அதிலிருந்து இரண்டாகப் பிரிந்து தலைமாட்டின் இரு ஓரமும் இறங்கும். மேரி லிங்கன் வாங்கிய கட்டிலுக்கு அப்படியொரு முலாம் பூசிய மகுடமும் ஊதாப் பட்டும் லேஸும் இருந்தன. கட்டில் தங்கியது, மகுடம் காணாமல் போனது. பல பத்தாண்டுகள் அந்தக் கட்டில் மொட்டையாகத்தான் நின்றது. 2005இல் அந்தக் குறை தீர்ந்தது. ஊதா நிறமும் வெறும் ரசனை அல்ல. 1856இல் வில்லியம் பெர்கின் முதல் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்ததிலிருந்து அடுத்த சில ஆண்டுகளுக்கு அந்த நிறத்தின் மேல் எல்லாருக்கும் பித்து.

இங்கே கவனிக்க வேண்டிய முரண் ஒன்று இருக்கிறது. பட்டும் மகுடமும் விருந்தினர் அறையின் அலங்காரம். அவை நிற்கும் இடமோ அலுவலகம். ஆக, இந்த அலங்காரம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், லிங்கன் காலத்தில் இந்த அறை இப்படி இருந்ததே இல்லை. வேறொரு அறையின் தோற்றத்தை இங்கே கொண்டுவந்து போர்த்தியிருக்கிறார்கள். தெரிந்தே செய்த தேர்வு அது. அலுவலகமாக மீட்டிருந்தால் விருந்தாளி தங்க முடியாது, கட்டிலுக்கும் இடம் இருக்காது.

## பிரதி செய்வதில் எங்கே சறுக்கும்?

முதலில் சான்றைத் தரம் பிரிக்க வேண்டும். அசல் துணித்துண்டோ சுவர்த்தாள் கிழிசலோ கிடைத்தால் அது முதல் தரம். அடுத்தது அறைக்குள் எடுத்த புகைப்படம், பிறகு நேரில் பார்த்து வரைந்த படம், பிறகு விலைச்சீட்டில் உள்ள வாசகம், கடைசியாகத்தான் யாரோ ஒருவரின் நினைவு. கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறம் தெரியாது. அந்தக் காலத்துப் புகைப்பட ரசாயனத்துக்கு நீலம் வெளிறித் தெரியும், சிவப்பும் மஞ்சளும் கறுத்துத் தெரியும். படத்தில் இருட்டாக இருக்கிறது என்று கருநீலம் பூசினால் தப்பு. எழுத்துச் சான்றோடு ஒத்துப்பார்த்துதான் நிறத்தை முடிவு செய்ய முடியும்.

கம்பளத்தில் வரும் சிக்கல் வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தறிகள் பெரும்பாலும் 27 அங்குலம் போன்ற குறுகிய பட்டைகளாகத்தான் கம்பளத்தை நெய்தன. பட்டைகளைப் பக்கத்துப் பக்கத்தில் தைத்து அறை முழுக்க விரிப்பார்கள். 16 அடி அகல அறை என்றால் ஏழு பட்டை போட்டும் 3 அங்குலம் மிஞ்சும், எட்டாவது பட்டையை வெட்ட வேண்டும். கட்ட வடிவம் ஒவ்வொரு தையலிலும் பொருந்த, எல்லாப் பட்டையும் வடிவத்தின் ஒரே புள்ளியில் தொடங்க வேண்டும். அதனால் ஒவ்வொரு பட்டையின் நுனியிலும் துண்டு வீணாகும். அந்த வீணை மிச்சப்படுத்தப் பார்த்தால் கட்டங்கள் கோணலாகி, அறையே சாய்ந்தது போலத் தெரியும். ஒரே அகலமாக நெய்த நவீனக் கம்பளம் மலிவு, ஆனால் தையல் கோடு இல்லாததே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பட்டுக்கு எதிரி வெளிச்சம். இந்த அறையின் சன்னல்கள் தெற்குப் பார்த்தவை, குளிர்காலத்திலும் வெயில் உள்ளே விழும். அருங்காட்சியகங்கள் பட்டின் மேல் படும் வெளிச்சத்தை 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குள் வைத்துக்கொள்ளும். அது மங்கலான வெளிச்சம். விருந்தாளி புத்தகம் படிக்கும் அறையில் அது நடக்காது. அதனால்தான் பட்டை அசலாக வைக்காமல் பிரதியாக வைப்பது புத்திசாலித்தனம். நைந்தால் மாற்றிக்கொள்ளலாம். சன்னல் கண்ணாடியில் புறஊதாக் கதிரைத் தடுக்கும் படலம் ஒட்டுவது பொதுவான முன்னெச்சரிக்கை. நிறம் வெளுப்பதை அது தாமதப்படுத்தும், நிறுத்தாது.

கட்டிலுக்கோ எதிரி காற்றின் ஈரம். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கினால் காற்று வறண்டு மரம் சுருங்கும், கோடையில் ஊதும். இந்த ஏற்ற இறக்கத்தில் பொருத்துகள் விட்டுக்கொடுக்கும், ஒட்டிய செதுக்குத் துண்டுகள் கழன்று விழும். ஈரப்பதம் சதவீதக் கணக்கில் 45க்கும் 55க்கும் இடையே, அதிலும் திடீர் மாற்றம் இல்லாமல் இருப்பதுதான் மரத்துக்கு நல்லது.

## மேஜை மேல் ஒரு காகிதம்

அறையில் விலைமதிக்க முடியாத பொருள் கட்டில் அல்ல, போரில் இறந்த வீரர்களின் கல்லறைத் திடலில் லிங்கன் ஆற்றிய கெட்டிஸ்பர்க் உரையின் கையெழுத்துப் பிரதி. லிங்கன் தன் கைப்பட எழுதிய ஐந்து பிரதிகள் மிஞ்சியிருக்கின்றன. இங்கே இருப்பது ‘பிளிஸ் பிரதி’. தலைப்பு, கையெழுத்து, தேதி மூன்றும் உள்ளது இது மட்டும்தான். பள்ளிகளில் மனப்பாடம் செய்யும் வாசகமும் இதிலிருந்து வந்ததே. அமெரிக்காவுக்கான முன்னாள் கியூபத் தூதர் ஆஸ்கார் சின்டாஸ் 1949இல் இதை 54,000 டாலருக்கு ஏலம் எடுத்தார். வெள்ளை மாளிகையில்தான் வைக்க வேண்டும் என்று உயில் எழுதிவிட்டு இறந்தார். 1959இல் வந்து சேர்ந்தது. உரை இந்த அறையில் எழுதப்பட்டது என்று இதைப் பார்த்து முடிவுகட்டக் கூடாது. காகிதம் இங்கே வந்தது உயிலின் வழியாக.

## இங்கே யார் தங்குகிறார்கள்?

வெளிநாட்டுத் தலைவர்கள் பெரும்பாலும் தங்குவது பிளேர் ஹவுஸில். அதை அரசு 1942இல் வாங்கியது. லிங்கன் படுக்கையறை அதிபரின் நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் உரியது. 1997இல், கிளின்டனின் முதல் பதவிக்காலத்தில் வெள்ளை மாளிகையில் இரவு தங்கிய 938 பேரின் பட்டியல் வெளியானது. கட்சிக்கு நன்கொடை கொடுத்தவர்களுக்குப் படுக்கை வாடகைக்கு விடப்பட்டதா என்று பெரிய சர்ச்சை. பத்திரிகைகள் மொத்தத்தையும் ‘லிங்கன் படுக்கையறை’ விவகாரம் என்றே எழுதின. உண்மையில் அந்த 938 பேரும் இந்தக் கட்டிலில் படுத்தவர்கள் அல்ல. கூடத்துக்கு எதிர்ப்புறம் ‘அரசியர் படுக்கையறை’ என்று இன்னொரு பெரிய விருந்தினர் அறை உண்டு, மேலே மூன்றாம் தளத்திலும் அறைகள் உண்டு.

## எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

2025 அக்டோபர் இறுதியில் அதிபர் டிரம்ப் இந்த அறையின் குளியலறையைக் கறுப்பு வெள்ளைப் பளிங்கில் மாற்றிப் படங்களை வெளியிட்டார். அதில் இருந்த பச்சை ஓடுகள் 1940களின் பாணி, லிங்கன் காலத்துக்குப் பொருந்தாதவை என்பது அவர் சொன்ன காரணம். பொருந்தாது என்பது சரி. ஆனால் அந்த ஓடுகள் பதிந்திருந்த உட்கட்டடமே ட்ரூமன் காலத்தது, ஆகவே சுவருக்கு ஓடு அன்னியமில்லை. புதிய பளிங்கின் காலம் 2025. மூன்று இழைகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்த வாதத்தில் எந்தப் பக்கம் பேசினாலும் கால் வழுக்காது.

சட்டம் சொல்வது தெளிவு. 1961 செப்டம்பரில் கென்னடி காலத்தில் வந்த சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள சாமான் என்று அறிவிக்கப்பட்டதை எந்த அதிபரும் விற்கவோ கொடுக்கவோ முடியாது. வேண்டாம் என்றால் தேசிய அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பாதுகாப்புக்குப் போகும். 1964இல் ஜான்சன் போட்ட ஆணை, காப்பாளர் பதவியையும் பாதுகாப்புக் குழுவையும் நிலைப்படுத்தியது. அதே 1961 சட்டம் அருங்காட்சியகத் தன்மையைக் காக்கச் சொல்வது முக்கியமாகத் தரைத்தளக் கூடத்துக்கும் அதற்கு மேல்தளத்துப் பொது மண்டபங்களுக்கும். குடும்பம் வசிக்கும் இரண்டாம் தளம் அந்த வரிசையில் இல்லை. எனவே சுவர்த்தாள், கம்பளம், ஓடு எல்லாம் வருகிற ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் மாறிக்கொண்டே இருக்கும். கட்டிலை வேறு அறைக்குக்கூட நகர்த்தலாம், முன்பும் நகர்த்தியிருக்கிறார்கள். ஏல வண்டியில் மட்டும் ஏற்ற முடியாது.